நாற்பத்தொன்றாம் கல்

அஞ்சலை, உன் அம்மாவுக்கு நீ எழுதுகிற கடிதங்களை எல்லாம் நான் திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டு வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தபால் வந்ததும் எதிர்வீட்டு டீச்சரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் சொருகி மூடிவிடுவாள். நான் அங்கே கைவைக்க மாட்டேன் என்று நினைப்பு. அவள் தண்ணீருக்குப் போகிற நேரம் பார்த்து எடுத்து, அடுப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். மூன்றாம் வகுப்புப் பாதியில் நின்றவன் படிக்கிற வேகம் உனக்குத் தெரியும். ஒரு பக்கம் முடிவதற்குள் கண் இரண்டும் கோவைப்பழமாகிவிடும். "கண்ணு ஏன் இப்பிடிச் செவந்து கெடக்கு?" என்பாள். "காளவாய்ப் புகைடி" என்பேன். "ரெண்டு நாளா காளவாயப் பத்தவைக்கவே இல்லையே" என்பாள். முந்தாநாள் புகை இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது என்று சொல்லிச் சமாளிப்பேன். இவ்வளவு பாடும் எதற்கென்றால், உன் கடிதத்தின் கடைசியில் "அப்பாவுக்கு என் வணக்கம்" என்று ஒரு வரி இருக்கும். எட்டு வருடமாக அதே வரி. ஒரு எழுத்து கூடியதில்லை, குறைந்ததில்லை. அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டப்பாவை மூடிவிடுவேன்.

பொங்கலுக்கு நீ வந்தாலும் அப்படித்தான். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன், நீ அடுப்படியைப் பார்த்து, "யம்மா, அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்பாய். நான் வாசலைப் பார்த்து, "யாராச்சும் அந்தப் பொண்ணுகிட்ட, அவங்கப்பன் கை கழுவிட்டான்னு சொல்லுங்கய்யா" என்பேன். உன் பெண் மட்டும் சிரிக்கும். நீ சிரித்ததில்லை. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ சேர்த்துவைத்த கல்லெல்லாம் என் சுண்ணாம்புக் காளவாயில் வெந்து போனதால்தான் நீ என்னிடம் பேசுவதில்லை என்று ஊருக்கே தெரியும். ஆனால் அதில் நீ அறிந்தது பாதிதான். மீதிப் பாதியை நான் எட்டு வருடமாக மூடிவைத்திருக்கிறேன். அதைச் சொன்னால் அந்த ஒரு வரி வணக்கமும் நின்று போகலாம். போனால் போகட்டும் என்று வீறாப்பாக எழுத எனக்கு வரவில்லை, நிற்கக் கூடாது என்றுதான் ஆசை. ஆனாலும் மாப்பிள்ளைக்கு வேலை மாற்றலாகி, நம் பேச்சே காதில் விழாத வடக்குச் சீமைக்கு நீ போய்விட்டாய். இனி வருடத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிகம். எனக்கு முட்டி இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. எழுதிவிடுகிறேன்.

முதல் கல்லை நீ கொண்டு வந்தபோது உனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். தொலைந்துபோன ஆட்டைத் தேடிக் காரை கிராமத்து ஓடைப் பக்கம் போனவள், ஆட்டை விட்டுவிட்டுக் கல்லோடு வந்தாய். அந்தப் பக்கம் புல்கூட சரியாக முளைக்காது. மழை அரித்து அரித்து, மஞ்சளும் சாம்பலுமாக மேடும் பள்ளமும், வெயில் பட்டால் ஜிப்சம் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னிக்கொண்டு கிடக்கும். நமக்கு அது ஆட்டுக்கும் ஆகாத நிலம். நீ உள்ளங்கையில் நீட்டியது ஒரு சுருண்ட கல். வளையம் வளையமாக, வரி வரியாக, யாரோ உட்கார்ந்து செதுக்கியது போல் இருந்தது. "அப்பா, இதப் பாரேன். நத்தையாப்பா?" என்றாய். "நத்தைதான் ஆத்தா. நம்ம ஊரு பஸ்ஸ நம்பாம நடந்தே பெரம்பலூர் போயிடலாம்னு கெளம்பியிருக்கு. வழியிலயே கல்லாயிடுச்சு" என்றேன். அன்றைக்கு நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அதற்குப் பிறகு நான் கெட்டேன். உனக்கு நத்தைக்காரி என்று பெயர் வைத்தேன். தெருவே அப்படிக் கூப்பிட்டது. முதல் வருடம் நீயும் சிரித்தாய். இரண்டாம் வருடம் புன்னகைத்தாய். மூன்றாம் வருடம் சும்மா இருந்தாய். நான் கணக்கில் கெட்டிக்காரன் இல்லை, இந்தக் கணக்கு எனக்கு அப்போது பிடிபடவில்லை.

அப்புறம் அந்தப் பேராசிரியர் வந்தார். காலேஜ் பையன்களை ஒரு வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு, ஆளுக்கொரு சுத்தியலோடு, நம் காளவாய்க்குப் பக்கத்துத் தரிசில் கூடாரம் போட்டார்கள். ஊர்ச் சனமெல்லாம் வேடிக்கை பார்க்கப் போனது. நீ மட்டும் உன் கல்லை எடுத்துக்கொண்டு போனாய். அவர் வாங்கிப் பார்த்தார், ரொம்ப அழகாயிருக்கிறது என்று சொல்லவில்லை. "இத எந்த எடத்துலம்மா எடுத்த?" என்றுதான் கேட்டார். நீ அவரை வெயிலில் இரண்டு மைல் நடத்திக் கூட்டிக்கொண்டு போய், மண்ணில் அந்தக் குழியைக் காட்டினாய். இடம் தெரியாத கல் பாதிக் கல் என்று அவர் சொன்னதாக வந்து சொன்னாய். அன்றிலிருந்து நோட்டுப் போட ஆரம்பித்தாய். ஒவ்வொரு கல்லிலும் என் தொட்டியிலிருந்து ஒரு துளி சுண்ணாம்பை எடுத்துப் பொட்டு வைத்து, காய்ந்ததும் அதன் மேல் மையால் எண் எழுதுவாய். "கல்லுக்கெல்லாம் பொட்டு வெக்கிற, பூவும் வெச்சி வுட்டா மாப்பிள்ள பாத்துரலாம்" என்று நான் சொன்னேன். அதையும் நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

நம் ஊர் கடலாகக் கிடந்தது என்று நீ சொன்ன நாளை நான் மறக்கவில்லை. நான் காளவாய்க்குக் கல்லும் கரியுமாக மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன். "பத்துக் கோடி வருசத்துக்கு முன்னால இங்க கடலுப்பா. நீ நிக்கிற எடத்துல சுறா நீந்திச்சாம்." "அப்ப நம்ம தாத்தன் கருவாட்டுக் கட வெச்சிருப்பான்னு சொல்லு." "வெளையாடாதப்பா. காரை மண்ணு மூத்தது. கல்லங்குறிச்சிக் கல்லு அதுக்கு எத்தனையோ காலம் பின்னால படிஞ்சது. கீழ கெடக்கறது அப்பன், மேல கெடக்கறது புள்ள." "எந்த வூட்லயும் அப்பன் கீழதான் கெடக்கான்." நீ விடவில்லை. என் கையிலிருந்த கல்லை வாங்கித் திருப்பிக் காட்டினாய். உள்ளே கிளிஞ்சல் கிளிஞ்சலாக ஒட்டிக்கொண்டிருந்தது. "நீ சுடற கல்லு அம்புட்டும் உசிரோட இருந்ததுதாம்ப்பா" என்றாய். "அப்ப நான் முப்பது வருசமா சுடுகாட்டுலதான் வேல பாக்குறேன்னு சொல்லு" என்றேன். நீ அந்தக் கல்லை என்னிடம் திருப்பிக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். ஒரு குழந்தை தனக்குக் கிடைத்த பெரிய விஷயத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வரும்போது அதன் மேல் ஒரு கிண்டலை வைத்து அனுப்புவது லேசான வேலை. நான் அந்த வேலையில் கெட்டிக்காரன். எனக்குப் புரியாத எதைப் பார்த்தாலும் சிரித்துவிடுவேன். புரியவில்லை என்று சொல்வதைவிட அது சுலபம். உன் பெண் எதையாவது எடுத்து வந்து காட்டினால் நீ முதல் பேச்சாக என்னைப் போல் பேசாதே. எங்கே எடுத்தாய் என்று கேள். அது போதும்.

நாற்பத்தொன்று கிடைத்தது நீ எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வீட்டில் இருந்த வருடம், ஆடி மழைக்குப் பிறகு. அதை நீ என்னிடம் காட்டவில்லை. அம்மாதான் சொன்னாள். முழங்கை நீளத்துக்கு ஒரு கல், அதில் முதலைத் தாடை மாதிரி பல் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கிறது, பெண் அதைப் பழைய தாவணியில் சுற்றிப் பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தது என்று. நீ அதைப் படம் வரைந்து பேராசிரியருக்குத் தபால் எழுதினாய். பதிலுக்காகத் தினமும் தபால்காரர் சைக்கிள் மணிக்கு எழுந்து எழுந்து வாசலுக்குப் போனாய். பதில் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நல்ல இடம், உத்தியோகப் பையன், நான் தட்டை மாற்றிவிட்டேன். அன்று மாலை நீ காளவாய்க்கு வந்து நின்றாய். "ஒரு வருசம் பொறுத்துக்கப்பா. சாரு பதில் எழுதட்டும். மேல படிக்கலாம்னு சொல்லியிருக்காரு" என்றாய். உன் குரல் கெஞ்சியது. எனக்கு அது கேட்டது. கேட்டும், "சாரு பதில் எழுதறதுக்குள்ள நீயே கல்லாயிடுவ. அப்பறம் உன்னையும் பொட்டு வெச்சி நம்பர் போட வேண்டியதுதான்" என்றேன். காளவாய் ஆள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நீ திரும்பிப் போனாய்.

இனி சொல்வதுதான் நீ அறியாதது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. நீயும் அம்மாவும் திருமழபாடிக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுச் சின்னம்மா வீட்டில் தங்கி மறுநாள் வருவதாகப் போனீர்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். மழையில் கல் வண்டி சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. சுண்ணாம்புக்காரன் வீட்டுச் சுவர் கண்ணைக் கூசும் பாருங்கள் என்று சம்பந்தி வீட்டில் நான் பெருமை அடித்துவிட்டு வந்திருந்தேன். ஆட்டுக் கொட்டகையில் உன் மூன்று சாக்கு இருந்தது. அதில் ஒரு சாக்கு முழுக்கக் கல்லங்குறிச்சிப் பக்கத்துக் கிளிஞ்சல், உள்ளங்கை அகலம், விரல் கனம். சுண்ணாம்பு சுடுகிற எவனுக்கும் அதைப் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும், அவ்வளவு வெள்ளையாக வேகும். அந்த ஒரு சாக்கைக் கொட்டினேன். அதுவரைக்கும் என்னை முட்டாள் என்று சொல்லலாம், நான் ஒப்புக்கொள்கிறேன். பெண் போகிற வீட்டுக்கு இதையா தூக்கிக்கொண்டு போகப் போகிறாள் என்ற முட்டாள்தனம். இரண்டாவது சாக்கில் காரை நத்தைகள். அவை சரியாக வேகாது, படபடவென்று வெடிக்கும். அதையும் கொட்டினேன். வழியில் போனவர், "என்னண்ணே, காளவாயில வெடி வெடிக்குது?" என்றார். "பொண்ணு கல்யாணம்ல, இப்பவே ஆரம்பிச்சாச்சு" என்றேன்.

மூன்றாவது சாக்கில் கடைசியாக அந்தத் தாவணி மூட்டை வந்தது. பிரித்தேன். சுண்ணாம்புப் பொட்டில் 41 என்று எழுதியிருந்தது. இதுநாள்வரை கேட்டவர்களிடம் எல்லாம், எது எந்தக் கல் என்று தெரியாமல் போட்டுவிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். தெரியும் ஆத்தா. எண்ணைப் படித்தேன், பல்லைப் பார்த்தேன், கையில் எடை பார்த்தேன். அது சுண்ணாம்பாகாது என்று எடையிலேயே எனக்குத் தெரிந்தது. அத்தனை வருடம் கல் சுட்டவனுக்கு அது தெரியாதா. சுவருக்கு வேண்டி அதை நான் உள்ளே போடவில்லை. அது வீட்டில் இருக்கும் வரைக்கும் நீ தபால்காரர் மணிக்கு எழுந்து போய்க்கொண்டே இருப்பாய், கழுத்தில் தாலி ஏறினாலும் போவாய் என்று பயந்தேன். அது இல்லாமல் போனால் உன் மனசு தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன். அதனால் போட்டேன். தாவணியை மட்டும் மடித்துத் திண்டுக்கடியில் வைத்தேன், துணி வீணாகக் கூடாது என்று. சாக்கு மூன்றிலும் உமியை அடைத்துப் பழையபடியே சாத்தி வைத்தேன். மூன்றாம் நாள் காளவாயைப் பிரித்தபோது நாற்பத்தொன்று வெந்திருக்கவில்லை. கறுத்துச் சில்லுச் சில்லாகப் பிளந்து கிடந்தது. மண்வெட்டியால் தள்ளிச் சாம்பலோடு சேர்த்துக் கொட்டினேன்.

சுவர் நன்றாகத்தான் வந்தது. கஞ்சி கலந்து, ஒரு சிட்டிகை நீலம் போட்டு, மூன்று பூச்சு. கல்யாணத்தன்று சம்பந்தி கேட்டார், "என்னங்க, செவுரு இப்பிடி மின்னுது?" பந்தல் நிறையச் சனம். என் வாய் சும்மா இருக்குமா. "எம்பொண்ணு அஞ்சு வருசமா ஓடை ஓடையாப் பொறுக்கிச் சேத்த சொத்துங்க. அம்புட்டையும் சுட்டுச் செவுத்துல பூசிட்டேன். இனி தூக்கிட்டுப் போவ முடியாது பாருங்க" என்றேன். பந்தலே சிரித்தது. மணையில் உட்கார்ந்திருந்த நீ எழுந்து, மாலையோடு நடந்து போய், சுவரில் கையை வைத்தாய். கையை எடுத்துப் பார்த்தாய். மருதாணிச் சிவப்பின் மேல் வெள்ளை ஒட்டியிருந்தது. "நாப்பத்தொண்ணுமாப்பா?" என்று கேட்டாய். "எது எதுன்னு யாரு கண்டா ஆத்தா, எல்லாம் ஒண்ணாத்தான் வெந்துச்சு" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு மணைக்குத் திரும்பினாய். அதுதான் நீ என் முகத்தைப் பார்த்துக் கேட்ட கடைசிக் கேள்வி. அதற்கு நான் சொன்னது பொய்.

பேராசிரியரின் பதில், நீ புருஷன் வீட்டுக்குப் போன மறுவாரம் வந்தது. உன் பேருக்கு வந்ததை நான் பிரித்தேன். ஒரு முழு நாள் பிடித்தது படிக்க. வெளியூரில் இருந்ததால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும் என்று ஆரம்பித்திருந்தார். உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இந்த ஊருக்கு வந்த ஒரே தபால் அது. படத்தைப் பார்த்தால் அந்தக் காலத்துக் கடலில் மீன் மாதிரி நீந்திய ஒரு பெரிய பிராணியின் தாடை போல் இருக்கிறது, இவ்வளவு பற்களோடு தான் அந்த ஓடையில் பார்த்ததே இல்லை, பஞ்சில் சுற்றி வை, தை மாதம் நானே வருகிறேன் என்று எழுதியிருந்தார். கீழே தனியாக, உன் பள்ளிக்கூடச் சான்றிதழ்களை எடுத்து வை, காலேஜிலும் விடுதியிலும் இடத்துக்கு நான் பேசிக்கொள்கிறேன், அப்பாவிடம் நான் நேரில் கேட்கிறேன் என்றிருந்தது. அதை நான்கு மடிப்பாக மடித்து என் வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டில் வைத்தேன். அம்மாவுக்கு மிளகாய்த்தூள் டப்பா, எனக்கு அது. இப்போது இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வெற்றிலைக் கறை பட்டிருக்கும். எழுத்து தெரிகிறது.

சொன்னபடி தையில் அவர் வந்தார். பஞ்சுப் பொதியும் ஒரு மரப்பெட்டியும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "பொண்ணு இல்லிங்களா?" என்றார். "கல்யாணமாயிடுச்சுங்க சார்." "நல்லதுங்க. அந்தக் கல்லு?" நான் சுவரைக் காட்டினேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கிட்டப் போய், நீ வைத்த மாதிரியே கையை வைத்துப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பேன். அவர் திட்டவில்லை. "எந்த எடத்துல கெடச்சுதுன்னாவது தெரியுங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உன் விலாசம் கேட்டார். "அவ குடும்பமாயிட்டா, வுட்ருங்க சார்" என்றேன். பெட்டியை அவரே தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போனார். வெறும் பெட்டிதான், ஆனால் கனமான பெட்டியைத் தூக்குவது போல் தூக்கினார்.

உன் நோட்டு எனக்குக் கிடைத்தது போன வருடம். கொட்டகைக் கூரையைப் பிரித்தபோது எறவாணத்தில் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சொருகியிருந்தது. காளவாய் ஆறுகிற நாட்களில் உட்கார்ந்து படிக்கிறேன். முன்பெல்லாம் கடைசி வரியை மட்டும் தேடிப் பார்த்தவன், இப்போது உன் கடிதங்களை முழுசாகப் படித்துவிட முடிகிறதென்றால் இந்த நோட்டில் பழகிய பழக்கம்தான். எண் ஏழு. காரை ஓடை, ஒற்றைப் பனைக்குக் கிழக்கே, சாம்பல் களிமண், ஜிப்சம் கொடிக்கு ஒரு சாண் கீழே. இப்படி ஒவ்வொன்றும். கடைசிக் கட்டத்தில் குறிப்பு என்று ஒன்று போட்டிருக்கிறாய். எண் ஒன்றுக்கு நேரே, அப்பாவிடம் காட்டினேன், சிரித்தார் என்று இருக்கிறது. எண் ஐந்துக்கும் அதுவே. பன்னிரண்டுக்கும் அதுவே. இருபதுக்கு மேல் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. நாற்பத்தொன்றுக்கு நேரே, அப்பாவிடம் காட்டவில்லை, சிரிப்பார் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தை நான் ஒரு தரம்தான் படித்தேன். அதற்கு எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

இப்போது நோட்டை வைத்துக்கொண்டு நான் நடக்கிறேன். நீ எழுதிய இடத்துக்குப் போய், நீ எழுதிய மண்ணில், அதே மாதிரி ஒன்று கிடைக்கிறதா என்று பார்க்கிறேன். இதுவரை பதினெட்டு எண்ணுக்குக் கிடைத்திருக்கிறது. சுண்ணாம்புப் பொட்டு வைத்து எண் போட்டிருக்கிறேன், என் கையெழுத்தில் எட்டு எல்லாம் படுத்துக் கிடக்கிறது. ஊரில் இப்போது என்னை நத்தைக்காரர் என்கிறார்கள். அது எப்படி இருக்கும் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். நாற்பத்தொன்று எழுதிய இடத்துக்கு ஆறு தடவை போனேன். ஓடை ஒவ்வொரு மழைக்கும் கரையைத் தின்று தின்று நகர்ந்துவிட்டது, நீ சொன்ன மேடே அங்கே இல்லை. காளவாய்ச் சாம்பல் குழியையும் தோண்டினேன். எட்டு வருடச் சாம்பலில் எதைப் பிரிப்பது. அத்தனை கோடி வருடம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்ததை, என் வீட்டில் நான்கு மாதம் வைத்திருக்க என்னால் முடியவில்லை. அதற்குச் சமமாக நான் ஏதும் செய்துவிட முடியாது. அதைத் தெரிந்துகொண்டுதான் நடக்கிறேன், சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதினால் அது இன்னொரு சாமர்த்தியம். எழுதவில்லை. பேராசிரியர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, அவர் கடிதத்தின் தலைப்பில் காலேஜ் விலாசம் இருக்கிறது, எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். உனக்கு இன்னும் வயது ஆகிவிடவில்லை. படிக்கலாமே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, மாப்பிள்ளை சொல்லக்கூடியவர், அவரிடம் கேட்டுப் பார். நோட்டை அனுப்பவில்லை. பத்தொன்பதில் இருக்கிறேன், பாதியில் நிற்கிறது. வேண்டுமென்றால் கேள், அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். ஆனால் அம்மாவுக்கு எழுதிக் கேட்காதே. எனக்கு எழுதிக் கேள். நோட்டைக் கொடு என்று ஒரே வரி போதும், வணக்கம்கூட வேண்டாம்.

நீ வடக்கே போகும்போது அரியலூர் ஸ்டேஷனில் வண்டி இரண்டு நிமிஷம் நிற்கும், வந்து பார் என்று அம்மாவுக்கு எழுதியிருந்தாயே, அதையும் நான் டப்பாவில் படித்துவிட்டேன். என் பேர் அதில் இல்லை. "நீயும் வாரியா?" என்று அம்மா கேட்டாள். முட்டி வலி என்றேன். அவள் முறுக்குத் தூக்கோடு கிளம்பிப் போனதும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து நானும் வந்தேன். அம்மா என்ஜின் பக்கம் நின்றாள், நான் கடைசியில் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் நின்றேன். மேலே சொன்னதை எல்லாம் ஒரு கடிதமாக எழுதி ஒட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நேரில் சொல்லத் தெம்பில்லை, கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று எண்ணம். வண்டி வந்து நின்றது. மூன்றாவது பெட்டி ஜன்னலில் பச்சைச் சேலை, உன் பின்னல், உன் பிடரி. நொண்டிக்கொண்டே ஓடிப் போய், "ஆத்தா, எதையும் இப்பப் படிக்காத, ஊருக்குப் போயி தனியா உக்காந்து படி" என்று சொல்லி ஜன்னல் வழியாக மடியில் போட்டேன். வண்டி நகர்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தது நீ இல்லை, யாரோ ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். "சரிங்க" என்றாள். கையும் காட்டினாள். நானும் காட்டினேன். உன் அம்மா என்ஜின் பக்கமிருந்து நடந்து வந்து என்னைப் பார்த்துவிட்டு, "நீ எப்ப வந்த? புள்ள கேட்டுச்சு, அப்பா வரலையாம்மான்னு. முட்டி வலின்னு சொல்லி அனுப்பிச்சிட்டேன்" என்றாள். ஆகையால் இதை முதலிலிருந்து மறுபடியும் எழுதியிருக்கிறேன், பதினோரு நாள் ஆயிற்று. பேராசிரியரின் கடிதம் அன்றைக்கு நல்லவேளை வெற்றிலைப் பெட்டியிலேயே தங்கிவிட்டது. முதல் கடிதத்தில் எழுத்துப் பிழை இதைவிடக் குறைவாக இருந்தது.